ஓரகத்திக்கு நான் போட்ட பட்டியல்

என் ஓரகத்தி ஞானஸ்நானம் எடுத்த அன்று, ஜேடர்பாளையத்து ஆற்றங்கரையில் அவளுடைய மாற்றுப் புடவையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். தண்ணீரிலிருந்து எழுந்தவள் முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க எங்கள் ஊர்ப் பாஸ்டர் ஒரு வருஷம் காக்கவைத்தார். வசனம் ஒப்பித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். காதுக் கம்மலைக் கழற்றி வைத்தேன். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்த பிறகு, இருபது வருஷமாகச் சனிக்கிழமைகளில் சபையைக் கூட்டித் துடைத்துப் பாய் விரிப்பது என் வேலை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அவள் என் கொழுந்தனை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். மலைக்கோயிலுக்குப் போவாள், சபைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு மாமியாரை எட்டிப் பார்த்ததும் இல்லை. எங்கள் இருவர் வீட்டுக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அப்போதுகூட நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். மூன்றாவது ஞாயிறு ஞானஸ்நானம் கேட்டாள். இப்போதிருக்கும் பாஸ்டர் உடனே சரி என்றார்.

"இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாமுங்களே," என்றேன் நான்.

"எதுக்கும்மா? ஆண்டவர் சும்மா குடுக்கறாரு. வாங்கிக்கறதுக்குப் பரீட்சையா வெக்க முடியும்?" என்றார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் நான் விரித்துப் பிடித்த துண்டுக்குப் பின்னால் அவள் ஈரப் புடவையை மாற்றினாள். "அக்கா, இனி நான் என்னென்ன செய்யோணுமுங்க?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. நாற்பது நாள் பகலில் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது, விடியற்காலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்க வேண்டும், கம்மல் ஆகாது, சனிக்கிழமை சபையைக் கூட்டுவது புதிதாக வந்தவர்களின் கடமை என்று அடுக்கிக்கொண்டே போனேன். எங்கள் சபையில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது.

அவள் அத்தனையும் செய்தாள். ஸ்பின்னிங் மில்லில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வந்து சபையையும் துடைத்தாள். கம்மல் இல்லாத காதோடு அவளைப் பார்த்தபோது முதலில் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் சபையில் இருந்தவர்கள், "வந்து ஒரு மாசம் ஆகல, என்ன பக்தி பாரு," என்று அவளைப் புகழ ஆரம்பித்தார்கள். இருபது வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு இன்னும் எரிந்தது.

மூன்றாவது வாரம் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் மயங்கி விழுந்தாள். நான்தான் தூக்கி உள்ளே படுக்கவைத்தேன். கை சில்லிட்டிருந்தது. செய்தி கேட்டுப் பாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

"இப்படிப் பட்டினி கெடக்கச் சொல்லி யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று பாஸ்டர் கேட்டார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் இருந்தேனுங்க," என்றாள்.

அவர்கள் போன பிறகு பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் சொன்னதெல்லாம் பொய். அப்படி ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல," என்றேன்.

"தெரியுமுங்க்கா," என்றாள். "பாஸ்டரு மொத நாளே சொல்லிப்போட்டாரு, எல்லாம் இலவசம்னு."

"அப்பறம் எதுக்கு இருந்தே?"

"சாமிக்காக இல்லீங்க்கா. உங்களுக்கு என்னையப் புடிக்கோணுமே, அதுக்குத்தான்." பால் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அத்தையப் பாக்க வராம இருந்ததுக்கு வேற எப்படி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலீங்க."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து என் வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். சட்டியோடு திரும்பி வந்து, அவளுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்து, நானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டேன். முதன்முதலாக அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கம்மலை எடுத்து மாட்டிக்கொள் என்று சொன்னேன். மாட்டிக்கொண்டாள்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவள் கண்ணை மூடிப் பாடும்போது, சுமை ஏதும் இல்லாதவள்போல இருக்கிற அந்த முகத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குள் ஏதோ கிள்ளுகிறது. போன சனிக்கிழமை உடம்பு அசதியாக இருந்தது. சபையைக் கூட்டப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை, ஒன்றும் செய்யாமல் வெறுங்கையோடு வருகிறேனே என்று பயந்துகொண்டேதான் சபைக்குப் போனேன். அவள் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.