ஹ்ருஸ்கா மேடையில் கெஞ்சிய ஞாயிறு

வெண்டல் ஹ்ருஸ்கா துறைமுகக் கிடங்கில் காப்பி மூட்டை தூக்குபவர். ஞாயிறு மதியம் மட்டும் கொலம்பஸ் தெருவில் ஒரு நிலவறைக்குள் இறங்கி, ஜாஸ் குழுவோடு நின்று கவிதை சொல்வார். டிரம்ஸ் போகிற போக்கில் அந்த நேரத்துக்கு வாயில் வருவதுதான் கவிதை. எழுதிவைக்கக் கூடாது, திருத்தக் கூடாது, சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. 1958இல் நார்த் பீச்சில் எங்கள் கவிதைக் கூட்டத்துக்கெல்லாம் அதுதான் சட்டம்.

அந்த வசந்தத்தில் அவருக்கு வார்த்தை நின்றுபோனது. சில ஞாயிறுகளை இருமியே ஓட்டினார். அதே கிடங்கில் நான் குமாஸ்தா. எங்கள் பண்ணைக் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிப் பட்டம் வாங்கியவன் என்பதால் அவருக்கு என் பெயரே 'பட்டம்'தான். எனக்கும் அதில் பெருமைதான்.

"பட்டம், மூட்டை தூக்க எவன் வேணா வருவான்டா. அந்த மேடையும் போச்சுன்னா நான் யாருடா?"

இந்த நிலைமையில், அவர் கவிதையைக் கேட்க இசைத்தட்டுக் கம்பெனி ஆள் வருவதாகச் செய்தி வந்தது. பயந்துபோன ஹ்ருஸ்கா எங்களில் யாரும் செய்யாததைச் செய்தார். வாரம் முழுக்க மூட்டைக்கு அடியில் முணுமுணுத்தபடி ஒரு கவிதையை மனப்பாடம் செய்தார்.

ஞாயிறன்று கம்பெனி ஆள் முன்வரிசையில். கவிதை நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் டிரம்ஸ் வாசித்த ஓடெல் ரேன்சமின் நெற்றி சுருங்கியது. தாளத்தைச் சட்டென்று பாதியாக்கினான். எப்போதும் தாளத்தின் பின்னால் ஓடுகிற ஹ்ருஸ்காவின் வரிகள் இன்று அதே நடையில் போயின. இரட்டிப்பாக்கினான். அப்போதும் அதே நடை.

"என்னண்ணே, பாடம் ஒப்பிக்கிறியா?" ஓடெல் குனிந்து கேட்டது மேடையோரம் நின்ற என் காதிலும் விழுந்தது.

ஹ்ருஸ்காவுக்கு மனப்பாடமும் அறுந்தது.

"வரல," என்றார். "ஒண்ணுமே வரல. ஓடெல், நிறுத்துடா. கெஞ்சிக் கேக்குறேன்."

ஓடெல் நிறுத்திவிட்டான். ஆனால் பாஸ் வாத்தியக்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டேயிருந்தார். கூட்டம் விரல் சொடுக்க ஆரம்பித்தது; அங்கே கைதட்டல் அதுதான். மேடையில் நின்று சொன்னதெல்லாம் எங்களுக்குக் கவிதை.

"விடாத தலைவா, அப்படித்தான்!" பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"யோவ், நெசமாத்தான்யா சொல்றேன். காலியாயிட்டேன். என்னை விட்டுருங்க."

சொடுக்கு இன்னும் பலத்தது.

கீழே இறங்கியவரின் கையைக் கம்பெனி ஆள் பிடித்துக்கொண்டார். "கெஞ்சினீங்க பாருங்க, மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு! புதன்கிழமை ஸ்டுடியோவுல இதையே அப்படியே பண்ணிருங்க."

"அது கவிதையில்ல, சார்."

"அருமை! அந்த வரியையும் சேத்துக்குவோம்."

ஹ்ருஸ்கா திரும்பினார். "ஓடெல், நீயாவது சொல்லேன்டா."

"நான் சொன்னா மட்டும்? அதுக்கும் சொடுக்குவாங்கண்ணே." குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடெல் படியேறிவிட்டான்.

புதன்கிழமை ஸ்டுடியோவுக்கு அவரோடு நானும் போனேன். போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். "வேற என்னடா இருக்கு எங்கிட்ட?" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஞாயிறன்று சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார்.

கம்பெனி ஆள் உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் உண்மையா கெஞ்சுங்க, சார்."

ஹ்ருஸ்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கெஞ்சினார்.