கோல்கீப்பருக்குப் போட்ட நன்றிப் பதிவு

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வீடியோ கடை வைத்து, இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேரின் கல்யாணத்தை எடுத்தவன் நான். மாப்பிள்ளை எப்போது கொட்டாவி விடுவான், பெண்ணின் அத்தை எப்போது முகத்தைத் திருப்புவாள் என்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். ஜாலான் புசார் மைதானத்தில் பந்தாட்டம் எடுக்கப் போனது பொழுதுபோக்குக்குத்தான். எடுத்ததை இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். அங்கே ஆடுகிற கால்பந்துக் கிளப்பின் சொந்தப் பக்கத்தைவிட என் பக்கத்தில் கூட்டம் அதிகம். பொறுக்க முடியாமல் அவர்களே கூப்பிட்டுப் படம் எடுக்கிற வேலை கொடுத்தார்கள்.

அணியோடு வெளிநாட்டுப் பயணம் என்றதும் வாயைப் பிளக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விமான நிலையம், பஸ், ஹோட்டல், மைதானம், மறுபடி ஹோட்டல். மணிலாவுக்கும் ஹனோய்க்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஹோட்டல் கம்பளத்தின் நிறம். ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதை எடுக்க வேண்டும். அது முக்கியமாம். காதில் பெரிய ஹெட்போன், கையில் சோப்பு சீப்பு வைக்கிற சின்னப் பை, முகத்தில் போருக்குப் போகிற தோரணை. முந்தின வாரம்தான் மூன்று கோல் வாங்கியிருப்பார்கள்.

எனக்கு மேலே ஒருவன் இருக்கிறான். தகவல் தொடர்புத் தலைவர் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் படித்து இரண்டு பட்டம் வாங்கி வந்தவன். என் மகன் வயதுகூட இருக்காது. என்னை 'அங்கிள்' என்பான். அந்த அங்கிளில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. எதை எடுத்தாலும் "கதை சொல்லணும் அங்கிள்" என்பான். ஒரு கோல்கூடப் போடாத ஆட்டத்தில் என்ன கதை?

சீசனின் கடைசி ஆட்டம் பாங்காக்கில். அன்று காலைச் சாப்பாட்டில் அவன் போனை என் பக்கம் நீட்டினான். திரையில் எங்கள் கோல்கீப்பர். மழையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நான் எடுத்த படம். கீழே நன்றி, வாழ்த்து, கிளப் முத்திரை. அவனுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

"அவன்கிட்டச் சொல்லியாச்சா?"

"மேட்ச் முடிஞ்சதும் கோச் சொல்வாரு அங்கிள். இப்ப சொன்னா கான்சென்ட்ரேஷன் போயிடும்லா."

"அப்ப இதை எதுக்கு இப்பவே செஞ்சு வச்சிருக்கே?"

"ஷெட்யூல் பண்ணிட்டேன். ஆறேகாலுக்குத் தானா போயிடும். நாம டென்ஷன் ஆகத் தேவையில்ல."

ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பும்போது நாம் டென்ஷன் ஆகக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ளத்தான் கப்பல் கப்பலாகப் பணம் கட்டிப் படிக்கிறார்கள். இரண்டு மேசை தள்ளி அந்தக் கோல்கீப்பர் முட்டை உரித்துக்கொண்டிருந்தான். எங்கள் சிராங்கூன் ரோட்டுத் தேக்காவில் வளர்ந்தவன். பத்து வருடத்துக்குப் பக்கமாக இந்தக் கிளப்புக்காக விரல் விரலாக உடைத்துக்கொண்டவன். கோச் தட்டு நிறையப் பப்பாளியை வைத்துக்கொண்டு, அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சொல்கிற வேலை அவருடையது, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெயில் தணிவதற்கு முன்பே ஆட்டம் ஆரம்பித்தது. இரண்டாம் பாதியில் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வேலிக்கு அந்தப்புறம் எங்கள் ரசிகர்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட லீவு எடுக்காதவர்கள், இதற்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மேளம் வேறு. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். என் போன் அதிர்ந்தது. தேக்காவில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர்.

"என்னண்ணே, நம்ம கீப்பரைத் தொரத்திட்டீங்களா?"

"எவன் சொன்னான்?"

"உங்க பேஜ்தான் சொல்லுது. அவங்கப்பா இங்க டீக்கடையில என் பக்கத்துலதான் டீ குடிச்சிட்டிருக்காரு. இந்த ஃபோன்ல பையன் பந்து புடிக்கிறான், அந்த ஃபோன்ல டாட்டா காட்றான். எதை நம்புறதுன்னு மனுசன் முழிக்கிறாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாங்காக் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கிளப்பின் பக்கம் சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது. நம்ம மேதை பாங்காக் ஆறேகாலை மனதில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஆறேகாலுக்குச் சாவி கொடுத்துவிட்டான். மைதானத்தில் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி. மாடியில் பத்திரிகையாளர் இடத்தில் இருந்தவனைக் கூப்பிட்டேன்.

"டிலீட் பண்ணிட்டேன் அங்கிள். யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

"தேக்காவே பார்த்துடுச்சுடா."

இனி இருந்தது ஒன்றுதான். இந்தச் செய்தி கோல்கீப்பருக்கு ஒரு மனிதன் வாயிலிருந்து போகுமா, வேலிக்கு அந்தப்புறத்துக் கூச்சலிலிருந்து போகுமா? திரும்பிப் பார்த்தேன். எல்லோர் தலையும் போனுக்குள் இருந்தது. நான் எழுந்து போனேன். மேளக்காரன் கண் கலங்கி நின்றான்.

"அண்ணே, ட்ரூவா? ஒரு ஃபேர்வெல் பாட்டுப் பாடிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"பாடு. அவன் அடிக்கிற பந்தை உன் வாயிலதான் வாங்குவே."

"ரெஸ்பெக்ட்டுக்குத்தாண்ணே..."

"ரெஸ்பெக்ட் இருந்தா வாயை மூடு. ஒருத்தனும் கேமரா தூக்கக் கூடாது. தூக்கினா வேலி ஏறி வருவேன்."

அடங்கிவிட்டார்கள். ஆனால் முட்டாள்கள், வாயை மூடச் சொன்னால் மேளத்தையும் மூடிவிட்டார்கள். தோற்கிற ஆட்டத்தில்கூட நிற்காத மேளம் அது. கோல்கீப்பர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை. அந்த நேரம் பார்த்து, வெயிலுக்காக நடுவர் தண்ணீர் குடிக்க விசிலடித்தார். மற்றவர்கள் கோச்சை நோக்கி ஓடினார்கள். இவன் தன் பாட்டிலுக்காகக் கம்பத்துப் பக்கம் வந்தான்.

"என்னண்ணே, நம்மாளுங்க எழவு வீட்டுக்கா வந்திருக்காங்க?"

மேளம் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கல்யாண வீடுகளில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லிச் சமாளித்தவன் நான். அந்தப் பக்கம் பார்த்தேன். கோச் மற்றவர்களுக்குக் காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவ்வளவு தைரியசாலி.

"உன்னை அனுப்புறாங்க," என்றேன். "ஆட்டம் முடிஞ்சு சொல்றதா இருந்தாங்க. அந்தப் படிச்ச மேதை நன்றிப் பதிவை முன்னாடியே வெளிய விட்டுட்டான். ஊருக்கே தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும்."

அவன் பாட்டிலைத் தலையில் கவிழ்த்தான். கையுறைப் பட்டையை இழுத்துக் கட்டினான்.

"அப்பா எங்க இருக்காரு?"

"தேக்காவில, டீக்கடையில."

"தனியாவா?"

"பிரியாணிக்காரர் கூட இருக்காரு."

தலையாட்டினான். "எந்தப் படம் போட்டாங்க?"

"மழையில நீ கையைத் தூக்கிட்டு நிப்பியே, அது. நான் எடுத்தது."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்."

விசில் கேட்டது. பாட்டிலை என் காலடியில் போட்டுவிட்டு வேலியைப் பார்த்துக் கத்தினான். "டேய், அடிங்கடா! இன்னும் நான் இங்கதான் நிக்கிறேன்!"

அடித்தார்கள். மேளக்காரன் அழுதுகொண்டே அடித்தான். தாளம் கண்றாவியாக இருந்தது. அதற்கப்புறம் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஒரு கோலில் தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் கோச் அவன் தோளில் கைபோட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு ஆரம்பித்தார். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடியே, "தெரியும் கோச். அண்ணன் சொல்லிட்டாரு," என்றான். கோச் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் பையிலிருந்து நான் பர்ஸை உருவியது போல.

மேதை என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனான். "நீங்க ஏன் சொன்னீங்க அங்கிள்? அதுக்கு ஒரு ப்ராசஸ் இருக்கு."

"உன் ப்ராசஸ் அவங்கப்பாகிட்ட டீக்கடையில போய்ச் சொல்லிச்சு. நான் அவன்கிட்ட நேர்ல சொன்னேன்."

மேதை பாங்காக் ஆறேகாலுக்கு அதே பதிவை மறுபடி போட்டான். இந்த முறை கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தான், அதுவே பெரிய முன்னேற்றம்.

பஸ்ஸில் கோல்கீப்பர் கடைசி இருக்கைக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டான். "ஒண்ணுமில்லப்பா... இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்... நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க..." குரல் உடைந்தது. முன் இருக்கையிலிருந்து மேதை எட்டிப் பார்த்தான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தான்.

"அங்கிள், கொஞ்சம் நகருங்க. செம எமோஷனல் கன்டென்ட்."

நான் எழுந்து, நடைபாதையின் நடுவில், இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முதுகு அகலமானது. ஹோட்டல் வரும்வரை அவன் போனில் பதிவானது என் சட்டைதான்.