சட்டென்று வந்த பதில்

முத்தாபுதுப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் டில்லிபாபுவுக்குக் காத்திருக்கவே வராது. டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். ஊரின் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அவர் கடையின் பேக்கப் மென்பொருளுக்குள் கிடந்தன. எந்தப் படம் எந்த டிஸ்கில் என்ற பட்டியலை அது தனியாக வைத்திருந்தது. பட்டியல் பெருக்கப் பெருக்கத் தேடல் மந்தமானது. ஒரு பெயரை அடித்துவிட்டுப் போய் போண்டா தின்று வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

தை மாதக் கல்யாணக் கூட்டத்தில் அவருக்குப் பொறுமை போனது. பட்டியலிலிருந்து பழைய வருடங்களை மொத்தமாக அழித்துவிட்டார். படங்கள்தான் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றனவே! அன்றிலிருந்து தேடல் பறந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

மாசியில் ஒரு காலை வேம்புலி வந்து நின்றார். கடை போட்ட புதிதில் அவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு டில்லிபாபுதான் படம் எடுத்தவர்.

"எம் பொண்டாட்டி குப்பம்மா பூட்டா நைனா," என்றார். "ஆல்பம் மழைத்தண்ணில பூச்சு. ஊட்ல வேற நல்ல படமே இல்ல. பொண்ணு விசேசத்துல சிரிச்சிகினு நின்னாளே, அத்த பேனர் போட்டுக் குடு. சாயங்காலம் எடுத்துருவோம்."

டில்லிபாபு, வேம்புலியின் பெயரை அடித்தார். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: எதுவும் இல்லை.

மறுபடி அடித்தார். மறுபடியும் அதே வேகம். படங்களை மென்பொருள் துண்டு துண்டாக்கி மூட்டை கட்டியிருந்ததால் டிஸ்கை நேராகத் திறந்தும் பயனில்லை. கம்ப்யூட்டர் வேலை தெரிந்த மச்சான் நிர்மலுக்குப் போன் போட்டார்.

"அய்ய, பட்டியல இன்னாத்துக்கு மாமே அழிச்ச? பேர்வாரியா ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தாலே பறந்திருக்கும். இப்ப எல்லா டிஸ்கையும் முதல்லேர்ந்து படிக்கணும். ரெண்டு நாள் ஆவும்."

வேம்புலி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாவே தேடு நைனா, நான் கீறேன்," என்றார்.

கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் பேனர் அடித்தார். முறைத்துக்கொண்டிருந்த அந்த முகம் யாருடையதோ போலிருந்தது. அதைத் தாண்டித்தான் குப்பம்மாவைத் தூக்கிப் போனார்கள்.

மூன்றாம் நாள் படம் கிடைத்தது. பிரிண்ட் போட்டு டில்லிபாபு தானே கொண்டுபோனார். வேம்புலி இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவதான் நைனா குப்பம்மா," என்றார். "வந்த ஜனம்லாம் பூட்ச்சே, இனிமே யாருக்குக் காட்றது?"