பெரியப்பாவைச் சாகடித்த வாரம்

வெட்கங்கெட்ட கதைதான், சொல்லித் தொலைக்கிறேன்.

எருமப்பட்டியில் வீட்டிலேயே உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஃப்ரீலான்சர் என்று நான் மட்டும்தான் சொல்லிக்கொள்வேன். ஊரைக் கேட்டால், "அவரு ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறாரு" என்பார்கள். எங்கள் பக்கம் சொந்தத்தில் யார் செத்தாலும் வீட்டுக்கு ஒருவர் போய்த் தலைகாட்டியே ஆகவேண்டும். தம்பிக்குக் கோழிப்பண்ணை, மனைவிக்குப் பள்ளிக்கூடம். ஆகவே எல்லா எழவுக்கும் நான்தான். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லேப்டாப்பைத் திறந்ததுகூட உண்டு.

அதனால் வேலை தாமதமாகும். சென்னையில் வேலை கொடுக்கும் அம்மா, "துக்கம்னா என்ன சார் பண்றது, மெதுவா அனுப்புங்க" என்பார். என் காய்ச்சலுக்கு இரங்காதவர், கரண்ட் போனதை நம்பாதவர், சாவுக்கு மட்டும் இளகினார். அந்த ருசி என்னைக் கெடுத்துவிட்டது.

போன மாசியில் நான்கு நாள் கெடு வைத்துக் கொடுத்த ஒரு வேலையைத் தொடவே இல்லை. நான்கு நாளும் செல்போனை நோண்டியே போயிற்று. கெடு முடிந்த காலையில், "பெரியப்பா தவறிவிட்டார்" என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டில் கல்லுக்குண்டாட்டம் திடமாக இருக்கிற மனுசன். அப்பா இல்லாத என்னைப் படிக்கவைத்தவர். விரல்கூடக் கூசவில்லை, சீ!

மறுநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வழக்கம்போல் பேப்பர் படிக்க வந்திருந்தார். மேசைமேல் என் போன் அடித்ததும் எடுத்துவிட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். சென்னை அம்மாவின் குரல் குளியலறைவரை கேட்டது.

"சாரோட பெரியப்பா இறந்துட்டாராமே, ரொம்ப வருத்தமா இருக்குங்க. அந்த வேலை எப்ப வரும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். போச்சு, வேலையும் போச்சு, மானமும் போச்சு.

பெரியப்பா செருமினார். "ஆமாங்க. நல்ல மனுசனுங்க. நேத்துத்தான் எடுத்தோம். பையன் ஒடஞ்சு போயிட்டானுங்க, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு நாள் வாங்கியிருக்கறேன், முடிச்சுக் குடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தைத் திருப்பினார்.

"ஏஞ்சாமி, நெசமா நானு போறன்னைக்கு அந்தம்மாகிட்ட யாரு செத்ததாச் சொல்லுவ?"