வீட்டுச் சாமான், நாற்பத்தொன்று

எங்கள் பக்கம் யாராவது புது வீட்டுக்குக் குடிபோனால், பார்க்க வருகிறவர்கள் புகழ வேண்டும், வீட்டுக்காரர்கள் மறுக்க வேண்டும். "ஊடு அம்சமா இருக்குதுங்க" என்று அவர்கள் சொன்னால், "என்னமோங்க, ஒண்டிக்கிறதுக்கு ஒரு கொட்டாய்ங்க" என்று நாம் சொல்லியாக வேண்டும். அந்தக் கொட்டாய்க்கு மூன்று படுக்கையறையும் இரண்டு பால்கனியும் இருக்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றால் உப்புக் கம்மி என்போம். பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது என்றால் பழசு என்போம். இந்த விளையாட்டில் நான் கைதேர்ந்தவள். அம்பத்தாறு வயதில் அதனால் எனக்கு என்ன நஷ்டம் வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டறைகள் நிறைந்த கணபதியில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. இடது பக்கம் லேத் பட்டறை, வலது பக்கம் கிரைண்டருக்கு உதிரிபாகம் செய்கிறவர், எதிரில் வெல்டிங். துணி காயப்போட்டால் இரும்புத் தூள் சேர்த்து மடிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறையில் இருபத்தைந்து வருஷமாக நான் ஆயில் பெயிண்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பட்டறைச் சுவரில் படிந்த எண்ணெய்க் கறை, ஷட்டர் இறக்கிய கடை வரிசை, போஸ்டர் கிழிந்து தொங்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்று எனக்குத் தெரிந்ததை வரைந்தேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். பிறகு, "மயில் ஒண்ணு வரையலாமே அம்மணி" என்பார்கள். ஒருவர் தன் வீட்டு சோபாவின் நிறத்தை போட்டோ எடுத்து அனுப்பி, அதற்குப் பொருத்தமாக ஒன்று கேட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டை விற்றுவிட்டு சரவணம்பட்டிப் பக்கம் எட்டாவது மாடிக்கு வந்தோம். வீட்டைக் காட்டிய விற்பனைக்காரர், "ஸ்டோரேஜுக்குப் பிரச்னையே இல்லைங்க மேடம்" என்று சொல்லி, சமையலறைக்கு மேல் ஒரு அட்டாளிப் பரணைக் காட்டினார். குளியலறைக்கு மேலும் ஒன்று இருந்தது. முதல் லாரி இறங்கியதுமே இரண்டும் நிறைந்துவிட்டன. லாரிகள் மொத்தம் மூன்று.

மூன்றாவது லாரியில் வந்தவை எங்களுடையவை அல்ல. என் கணவருக்கு ஒரு அக்கா. அந்த நாத்தனார் வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியபோது, தன் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். "இருக்கட்டும் கண்ணு, வந்து எடுத்துக்கறேன்" என்றார். "இருக்கட்டுங்க" என்றேன் நானும். இரண்டு மாதம் இப்போது நாலாவது வருஷத்தில் இருக்கிறது. ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய பித்தளை அண்டா, அதற்குள் ஒரு தவலை, தவலைக்குள் குண்டா, ஆளுயரக் குத்துவிளக்கு ஜோடி. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கிறது. அவையெல்லாம் எங்கள் மூன்றாவது படுக்கையறையில், கட்டிலில், மெத்தை மேல் சயனித்திருந்தன. என் நாற்பத்தொரு படங்கள் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

சாரல் அடித்தால் படத்துக்கு ஆகாது. ஏதாவது ஒன்றை வெளியே அனுப்பியாக வேண்டும் என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அக்கா சாமானை எப்படி வெளிய அனுப்பறது? நாளைக்கு வந்து எங்கடா என் அண்டான்னா என்ன சொல்லுவேன்?" என்றார் கணவர்.

"அப்ப படம்?"

"அது நம்முளுதுதானே."

இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அடுத்தவர் பொருளென்றால் மெத்தை. நம் பொருள் எங்கே கிடந்தாலும் கோவித்துக்கொள்ளாது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதே சட்டத்தில்தான் நானும் வளர்ந்தேன்.

படங்களுக்கு இடம் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் அப்பார்ட்மென்டின் பேஸ்மென்ட். அங்கே பொதுவாக ஒரு கூண்டு அடைத்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தேன். உடம்பைக் குறைக்கும் சைக்கிள்கள் ஒரு வரிசை, எதிலும் யாரும் ஏறிய தடமே இல்லை. கொலுப் படிகள், மூன்றாம் மாடிக்காரர்களின் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், குழந்தை கல்லூரிக்குப் போன பிறகும் காத்திருக்கும் தொட்டில். இவ்வளவுக்கும் நடுவில் தண்ணீர் மோட்டார் கசிந்துகொண்டிருந்தது. "தண்ணி முழங்காலுக்கு மேல வந்ததே இல்லைங்க" என்று அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர் தைரியம் சொன்னார்.

அடுத்து காங்கேயம். கணவரின் மாமன் மகனுக்கு அங்கே எண்ணெய் மில் இருக்கிறது. விஷயம் காதில் விழுந்த அன்றே போன் செய்துவிட்டார். "நம்ம குடோன் சும்மா கெடக்குதுங்க. எத்தனை படமா இருந்தாலும் கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போங்க." போனோம். இளநீர் கொடுத்தார்கள், கோழிக் குழம்போடு சாப்பாடு போட்டார்கள், பிறகு சும்மா கிடந்த குடோனைத் திறந்தார்கள். கூரை வரைக்கும் தேங்காய்க் கொப்பரை மூட்டை. எலிகள் எங்களைப் பார்த்து ஓடக்கூட இல்லை, சற்று நகர்ந்து உட்கார்ந்தன. "மூட்டைக்கு மேல வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க, ஒரு எண்ணெய்ப் பிசுக்குக்கூட ஒட்டாது" என்று அவர் ஒரு மூட்டையைத் தட்டினார். தட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க, யோசிச்சுச் சொல்றமுங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து மீண்டு வர மூன்று வாரம் ஆனது. கடைசியில் அந்தத் திசை ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டதாகக் கணவர் ஒரு பொய் சொன்னார். மறுநாளே, வடக்குப் பக்கமும் ஒரு குடோன் இருக்கிறது, அது ஆகுமா என்று கேட்டு மில்காரரிடமிருந்து போன் வந்தது. எந்தத் திசையும் ஆகாது என்று சொல்லி முடித்துவைத்தோம்.

மூன்றாவதுதான் அன்னூர் ரோட்டில் புதிதாக வந்திருந்த வாடகைக் கிடங்கு. மாடிவீட்டுக்காரர்களின் கஷ்டம் தெரிந்த யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். பெரிய தகரக் கொட்டகைக்குள் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு பூட்டு. பின்பக்கம் தனியாகக் காங்கிரீட் கூரை போட்ட ஒரு ஹால், அதற்கு மட்டும் ஏசி. ஈரப்பதத்தை உறிஞ்சும் மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பதமாகக் கேட்டாள்.

"இது எதுலீங்க வருது? கலைப்பொருளா, வீட்டுச் சாமானா? கலைப்பொருள்னா ஏசி ஹாலுங்க. வீட்டுச் சாமான்னா முன்னாடி இருக்கற ரூமுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். வண்டியிலிருந்து நாற்பத்தொரு படங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கூச்சமாக இருந்தது. கலைப்பொருள் என்று நானே எப்படிச் சொல்வது? சொன்னால், ஓ, அப்படியா என்று அவள் சிரித்துவிட்டால்?

"சும்மா நான் வரைஞ்சதுங்க. வீட்டுச் சாமான்லயே போட்டுக்கங்க."

"ஆயில் பெயிண்ட் மாதிரி இருக்குதுங்களேக்கா. உள்ள வெச்சா நல்லதுங்க."

"அதெல்லாம் பெரிய ஆளுங்க வரைஞ்சதுக்குங்க கண்ணு. இது பொழுதுபோகாம வரைஞ்சது."

பேனாவை வாங்கி நானே எழுதினேன். பொருள் விவரம்: வீட்டுச் சாமான். எண்ணிக்கை: நாற்பத்தொன்று. கையெழுத்தும் போட்டேன். நல்ல பெயர் வாங்கிவிட்ட திருப்தியில் வீட்டுக்கு வந்தேன். கொழுக்மொழுக்கென்று பிளாஸ்டிக் குமிழித் தாளில் சுற்றி கிடங்கு ஆட்கள் படங்களை அறைக்குள் அடுக்கியது கூட எனக்குப் பெரிய உபசாரமாகத் தெரிந்தது. அது தை மாதம். காற்று குளுகுளுவென்று இருந்தது.

ஆனி மாதம் ஒரு போன் வந்தது. பேசியது ஓவியம் கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மா. என் ஓவியங்களை போட்டோ எடுத்து நான் யாருக்கோ அனுப்பியது கைமாறிப் போய் அவரிடம் சேர்ந்திருக்கிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சின்ன ஹால் இருக்கிறது, பத்து நாள் கண்காட்சி வைக்கலாம், இருபது படம் தர முடியுமா என்று கேட்டார். என் படங்களை யாரும் அதுவரை சுவரில் மாட்டிப் பார்க்கக் கேட்டதில்லை. "என்னமோ ஒண்ணு ரெண்டு இருக்குதுங்க" என்றது வாய். அடுத்த நொடி பயந்துபோய், "நாப்பத்தியொண்ணு இருக்குதுங்க" என்று திருத்திக்கொண்டேன். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையே அன்னூர் ரோட்டுக்குப் போனோம். அதே பெண்தான் இருந்தாள். அறையைத் திறந்ததும் ஒரு புழுக்கம் முகத்தில் அடித்தது. சித்திரையும் வைகாசியும் அந்தத் தகரத்தின் கீழ் முழுசாக இருந்து போயிருக்கின்றன. முதல் படத்தின் பிளாஸ்டிக்கை உரித்தேன். வரவில்லை. இழுத்தேன். பெயிண்டும் சேர்ந்து வந்தது. உரிந்தது போக மிச்சமிருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள், குமிழி குமிழியாக அச்சு விழுந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அடியில் இருந்தவற்றின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை. உரித்து உரித்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டே வந்தேன். கெட்டவை பதினாலு. அடர்த்தியாகப் பெயிண்ட் பூசியவைதான் அதிகம் கெட்டிருந்தன, அதாவது கடைசி பத்து வருஷத்தில் வரைந்தவை, நான் ஒருவாறு வரையக் கற்றுக்கொண்ட பிறகு வரைந்தவை.

"ஏசி ஹாலுக்கு மாத்திரலாமுங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண். இனிமேல் மாற்றி என்ன செய்ய. இருந்தாலும், யாருடைய ஓவியங்கள்தான் அங்கே அப்படிச் சௌகரியமாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. கூட்டிப்போய்க் கதவைத் திறந்தாள். சில்லென்று இருந்தது. உள்ளே வரிசையாகப் பித்தளை அண்டாக்கள். தவலைகள், செம்புக் கொப்பரைகள், பருத்தித் துணியில் சுற்றிய குத்துவிளக்குகள். ஒரு ஓரத்தில் ஒரு பெரிய மயில் படம், யாரோ கடையில் வாங்கியது.

"சீர்ப் பாத்திரமெல்லாம் கலைப்பொருள்னுதான் எழுதித் தர்றாங்க. பழைய காலத்துதுன்னு சொல்றாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. சீர் என்பது தாய்வீட்டில் கொடுத்தது. அதைப் புகழ்ந்தால் தாய்வீட்டைப் புகழ்வது. எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தற்பெருமை ஆகாது. நம் கையால் நாமே செய்ததற்குத்தான் இந்த ஊரில் சொல் கிடையாது.

திரும்பி வந்தபோது மேஜையில் ஒரு ஃபாரம் தயாராக இருந்தது. பொருளைத் திரும்ப எடுத்துப் போகும்போது போடும் கையெழுத்து. "வீட்டுச் சாமான், நாற்பத்தொன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று டைப் அடித்திருந்தார்கள்.

"போட்டுரு. பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார் கணவர் மெதுவாக.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போடவே பேனாவை எடுத்தேன். பேனா தாளைத் தொட்டபோது மனம் ஒப்பவில்லை. வீட்டுச் சாமான் என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: ஆயில் பெயிண்ட் ஓவியங்கள், நாற்பத்தொன்று. வரைந்தது நான். பதினாலு கெட்டுவிட்டன, நான் நன்றாக வரைந்தவைதான் அவற்றில் அதிகம். கலைப்பொருள் என்று அப்போதே எழுதாதது என் தப்பு. அந்தப் பெண் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இவ்வளவையும் எழுதக் கோடு பத்தவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

கணவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"ஒரு படத்துல மழையில ஒரு டவுன் பஸ்ஸு நிக்குமே. கண்டக்டர் படியில நின்னுட்டு வெளிய கையை நீட்டுவானே. அதுவுமா?"

"அதுதான் மொதல்ல போனதுங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அது நல்லா இருக்குமே" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தப் படத்தை வரைந்து ஒன்பது வருஷம். அதை அவர் நின்று பார்த்ததாகவே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் இருப்பதையும் மறந்து சத்தம் போட்டேன். "ஒரு நாளாச்சும் சொன்னீங்களா? ஒரே ஒரு நாள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நம்ம ஊட்டுப் பொருளை நாமளே நல்லாருக்குதுன்னு சொல்லிக்குவாங்களா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். என் கையில் இருந்த ஃபாரத்துக்குப் பின்னால், தை மாதம் நான் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தார்கள். கெட்டியாக, அழகான கையெழுத்தில், நானும் அவர் சொன்னதையேதான் எழுதியிருந்தேன்: வீட்டுச் சாமான்.