சார்ஜ் ஏறாத உடம்பு

மார்பிலிருந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகு, கொழும்பில் ஐந்து கிழமை எனக்குப் புற்றுநோய்க்கான கதிர் வைத்தார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. மேசையில் அசையாமல் படுக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம்.

மெஷினைப் பார்க்கும் பிள்ளையிடம் தினமும் ஏதாவது கேட்பேன். உள்ளே போகும் கதிர் எங்கே தங்கும் என்று ஒரு நாள் கேட்டேன். தங்காது, மெஷினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்றாள். சில நாடுகளில் வெங்காயம் முளைக்காதிருக்கவும் இப்படிக் கதிர் காட்டுவார்களாம். எங்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத்துக்கும் எனக்கும் ஒரே வைத்தியம் என்பது எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

என் ஊரான எத்தாளைக்குத் திரும்பியதும் சுகம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எரிந்ததா, சுட்டதா? ஐந்தாம் நாள் அலுத்துப்போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், போனை என் நெஞ்சில் வைத்தால் சார்ஜ் ஏறுகிறது என்றேன். அவள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே கதை ஊரைச் சுற்றிவிட்டது. அது பக்கத்து ஊரான மாம்புரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் இருட்டில் மினுங்கவும் தொடங்கியிருந்தேன். நான் திருத்தப் போகவில்லை. விசாரிப்புத் தொல்லை நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் மாம்புரியில் இருக்கும் என் ராத்தாவும் வரவில்லை. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. அவளுடைய மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் மடியில் போட்டு வளர்த்த, சாச்சி சாச்சி என்று என்னைச் சுற்றிய பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாள் தவறாமல் கதைத்தவள், இப்போது என் போனை எடுப்பதில்லை.

அந்தக் கிழமை ஒரு கலியாணம். எங்கள் வழக்கத்தில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து, எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவோம். நான் போய் இருந்த சஹனுக்கு வேறு யாரும் வரவில்லை. ஆறு பேருக்கான கோழி முழுதாக எனக்கு. விடுவேனா, இரண்டு காலையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூன்றாவது பிடியோடு நிமிர்ந்து பார்த்தேன். தூரத்துச் சஹனிலிருந்து ராத்தாவின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா அந்தப் பிள்ளையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டாள்.

மறுநாள் காலையே மாம்புரிக்குப் போனேன். ராத்தா வீட்டு வளவில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"இத்தன நாள் வெயில் காட்டுறீங்களே ராத்தா, இந்தக் கருவாடு ராவைக்கு வெளிச்சம் அடிக்குதா?"

அவள் சிரிக்கவில்லை. "நீதானே சொன்ன, போன் சார்ஜ் ஏறுதெண்டு."

பகிடிக்குச் சொன்னேன் என்று சத்தியம் செய்தேன்.

"நீ சொல்ற எல்லாம் பகிடிதான். வகுத்துல இருக்கிற புள்ளட விஷயத்தில நான் எத நம்புற?"

அது நியாயமான கேள்வி. நான் வந்த வழியே திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து ராத்தா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பையிலிருந்து தன் பழைய பட்டன் போனை எடுத்தாள். வேண்டுமென்றே சார்ஜ் முழுதும் இறங்க விட்டிருந்தாள். படு என்றாள். படுத்தேன். சட்டையை விலக்கி, தழும்பின் மேல் போனை வைத்தாள்.

ஐம்பது தாண்டிய இரண்டு பொம்பிளைகள், ஒருத்தி கட்டிலில் படுத்தும் ஒருத்தி கதிரையில் உட்கார்ந்துமாக, கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வாயில் ஒரு பகிடி வந்தது. மெஷினுக்குக் கீழே கிடந்ததுபோல வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்ன பொய் பொய்யாகவே இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பட்டனை அமத்தினாள். திரும்பவும் அமத்தினாள். ஒன்றுமில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு, தோல் கருகியிருந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"நோவுதா?"

"ஓம்."

அதை அவள் நம்பினாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் போனிலிருந்து, மகள் எடுக்கும்வரை திரும்பத் திரும்ப அடித்தாள்.

"சாச்சிட வீட்டுக்கு வா புள்ள. வரக்குள்ள எண்ட சார்ஜரையும் எடுத்துட்டு வா."