திரும்பி வந்த பரஸ்தான மூட்டை

அந்தப் பட்டணப் பயணத்துக்கு நாங்கள் கிளம்பியது வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோமா, அடுத்த வீட்டிலிருந்து கிளம்பினோமா என்று கேட்டால் அதற்கும் முழிப்பேன்.

பட்டணத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். பெரிய ராட்டினம் வந்திருக்கிறது, உச்சியில் போய் நின்றால் கடல் தெரிகிறது என்று ஆம்பூர் முழுக்க அதே பேச்சு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், பிரசவத்துக்கு வேலூர் போனதைத் தவிர நான் எங்கேயும் போனதில்லை. அந்த ராட்டினத்தில் ஏறியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆனால் சனிக்கிழமையோடு பொருட்காட்சி முடிகிறது. தோல் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவான என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்ததும் அந்தச் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்று தொழிற்சாலை மூடியிருந்தாலும் லாரி ஏற்ற அவர் போயாக வேண்டும்.

மனிதர் எங்களையும் தோல் கட்டு என்றே நினைத்துவிட்டார். எடைச் சீட்டின் பின்பக்கம் திட்டம் எழுதினார். விடியற்காலை பாசஞ்சரில் ஏற்றம், சென்ட்ரலில் இறக்கம். எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏற்றம், மீனம்பாக்கத்தில் இறக்கம். ஏரோப்ளேன் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றம், பார்க்கில் இறக்கம், பொருட்காட்சி. ராத்திரி தூங்க பெரியமேட்டில் தோல் கிடங்கு மாடி, ஏனென்றால் பட்டணத்தில் அவருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான். நான்கு தடவை படித்தேன். எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்று எனக்குத் தலை சுற்றியது.

“ஏங்க, ஏரோப்ளேன்ல ஏறப் போறதில்ல. அப்புறம் அங்க இன்னாத்துக்கு போவணும்?”

“எங்கம்மா கேட்டுச்சு. தலைக்கு மேல போறத எத்தினி வருசமா பாக்குது. தரையில எப்படி நிக்குதுன்னு பாக்கணுமாம்.”

ஏரோப்ளேன் கேட்ட அதே மாமியார்தான் சனிக்கிழமை என்றதும் குறுக்கே நின்றார். “சனிக்கெழம கெழக்க சூலம்டா. கெழக்கப் போனா போன காரியம் வெளங்குமா?”

கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாளில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நம் பொருள் எதையாவது அந்த நாளிலேயே போகிற திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே நாம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

மஞ்சள் துணியில் ஆளுக்கு ஓர் உடுப்பு வைத்துக் கட்டினேன். என் மகள் தன் ரிப்பனைப் போட்டாள். இவர் ரயில் டிக்கெட்டுகளையும் எடைச் சீட்டையும் உள்ளே தள்ளினார். “டிக்கெட்டே கிளம்பிட்டா அப்புறம் இன்னா சூலம்?” என்று ஒரு சிரிப்பு வேறு.

எங்களுக்குக் கிழக்கே இருந்த ஒரே வீடு, நாங்கள் ஆபா என்று கூப்பிடும் முஸ்லிம் அம்மாவின் வீடு. வெள்ளிக்கிழமை காலை ராகு காலத்துக்கு முன்னால் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். மூட்டையைக் கூடத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டேன். அறிவு கெட்டவள் நான்.

சாயங்காலம் இவரும் வேலை முடிந்து வந்த நேரம், ஆபா அந்த மூட்டையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். “இன்னாம்மா, மூட்டைய மறந்து வெச்சிட்டு வந்துட்டியே!”

மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது. போன பயணம் திரும்பி ஊட்டுக்கே வந்துடுச்சு. இனிமே யாரும் போவக் கூடாது.”

அப்படியானால் நாங்கள் பட்டணம் போய்விட்டு வந்தாயிற்றா? ராட்டினம் ஏறி இறங்கியாயிற்றா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அழுகைதான் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஆபாவின் முகம் வாடிவிட்டது.

“அய்யோ, நான்தான் பேஜார் பண்ணிட்டேனா?” என்றார். “நீங்களே இப்ப எங்க ஊட்டுக்கு வந்து படுத்துக்குங்க. ஆளே வெள்ளிக்கெழம கிளம்பிட்டா மூட்டை எதுக்கு?”

எங்கள் சாத்திரம் என்னைவிட அவருக்குத்தான் புரிந்தது. நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

“அந்த ஊட்ல போய் நான் படுக்கறதா?” என்றார் மாமியார், ஆபாவை எதிரே வைத்துக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம்! “நீங்க வரவே வேணாம் அத்தே! இங்கயே கெடங்க!” ஒன்பது வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். இவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைத் தூக்கிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஆபாவோடு போனோம்.

விடியற்காலை அங்கிருந்து நேராக ஸ்டேஷன். இவர் நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடட்டுமா?”

“ஊட்டுக்குள்ள காலு வெச்சீங்கன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து,” என்றேன். நெஞ்சு மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. ஏரோப்ளேன் கேட்டதே அவர்தானே. அவரை விட்டுவிட்டுப் போய் நான் அதைப் பார்த்து என்ன செய்யப் போகிறேன்?

பிளாட்பாரத்தில் முதல் பெஞ்சியில், தலையோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் வீட்டுச் சாவி. பக்கத்தில் டீ விற்கிற ஆள் எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டான். “உங்க அம்மாவா இது? நேத்து ராத்திரி ஏழு மணிலேர்ந்து இங்கயே குந்தினு கீது. டீ குடுத்தாக்கூட வேணான்னுடுச்சு.”

கட்டிக்கொண்டு அழுவதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டையைத்தான் பார்த்தார்.

“நானும் வெள்ளிக்கெழமயே கிளம்பிட்டேன்டி,” என்று கையை நீட்டினார். “என் டிக்கெட்டு அதுக்குள்ளதான கீது? குடு.”